துளசி இலையில் சாம்பல்

மாசி மாதத்து ஒரு காலையில் தேநீர்க் கோப்பையோடு வீட்டைச் சுற்றியிருக்கும் வளவுக்குள் இறங்கியபோது என் துளசிச் செடியில் சாம்பல் தூவியிருந்தது. காற்றில் பறந்து வந்து படிந்த சாம்பல் அல்ல. இலைக்கு மேலும் கீழும், குருத்தின் இடுக்கிலும், குழந்தைக்குப் பவுடர் பூசியதுபோல ஒரே சீராக இருந்தது. யாரோ நின்று நிதானமாகச் செய்த வேலை. பக்கத்தில் நின்ற கறிவேப்பிலை மரத்தின் அடியைச் சுற்றி மஞ்சள் நிறத்தில் ஒரு வட்டக்கோடு. தொட்டு முகர்ந்து பார்த்தேன், மஞ்சள்தூளேதான். சுவிசில் இருபத்தாறு வருடம் வாழ்ந்தவளுக்கு யாராவது சொல்லாமல் தன் தோட்டத்துக்குள் காலடி வைத்தாலே பொலிசைக் கூப்பிடத் தோன்றும். மட்டக்களப்பில் பிறந்தவளுக்கோ செடியடியில் மஞ்சளையும் சாம்பலையும் கண்டால் பொலிசின் நினைவு வராது, மந்திரம் செய்கிற ஆட்களின் நினைவுதான் வரும். நான் இரண்டுமாக இருப்பவள். தேநீர் ஆறும்வரை அந்த இடத்திலேயே நின்றேன்.

பேர்ணிலும் சூரிச்சிலும் இருந்து இதை வாசிக்கப்போகிறவர்களுக்கு முதலில் என் நிலையைச் சொல்லிவிடுகிறேன். பேர்ணில் ஒரு மருத்துவமனையின் துணி வெளுக்கும் பகுதியில் வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். கணவர் காலமாகிவிட்டார். மகன்மார் இருவரும் தங்கள் வேலை, தங்கள் குடும்பம் என்று அங்கே இருக்கிறார்கள். நான் மட்டக்களப்புப் பக்கத்துப் பெரியகல்லாற்றில் அம்மா எனக்குச் சீதனமாக எழுதிவைத்த வளவுக்குத் திரும்பி வந்திருக்கிறேன். எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் பெண்பிள்ளைகளுக்குத்தான். அதனால் அடுத்த வளவு பெரியம்மாவின் மகள் தங்கேஸ்வரிக்கு. என்னைவிட இரண்டு வயது மூத்தவள், ஊருக்கே தங்கேசக்கா. துணையில்லாதவள். வல்லாரை, பொன்னாங்காணி, கறிவேப்பிலை என்று வளர்த்துக் கட்டுக் கட்டிச் சந்தையில் விற்றுத்தான் அவளுடைய அடுப்பு எரிகிறது. நான் இல்லாத காலமெல்லாம் என் வளவையும் அவள்தான் பார்த்தாள். இரண்டு வளவுக்கும் நடுவே ஓர் ஓலைவேலி, அதில் ஓர் ஆள் நுழையுமளவு இடைவெளி. நான் வந்திறங்கிய அன்று அந்த இடைவெளியால்தான் மீன்குழம்புச் சட்டியோடு வந்தாள். குழம்பை வைத்துவிட்டு என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்து, "என்னகா, குளிருக்க வெச்ச மீன் மாதிரி வெளிறிப் போய் வந்திரிக்காய்" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பில் எனக்கு அப்போது ஒரு குறையும் தெரியவில்லை. சாம்பலைக் கண்ட பிறகுதான் அதையும் எடுத்து வைத்துப் பிரித்துப் பார்க்கத் தொடங்கினேன்.

மட்டக்களப்பார் என்றால் மந்திரக்காரர், வந்தவனைப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்ற பகிடியை வெளிநாட்டில் கேட்காத எங்கள் ஊரவர் இருக்கமாட்டார்கள். என்னோடு வேலை செய்த யாழ்ப்பாணத்துச் சாந்தி, நான் ஏதாவது சமைத்துக் கொண்டுபோனால், "சாப்பிடலாமோ அக்கா, இல்ல உங்கட வீட்டுப் பாயில ஒட்டவேண்டி வருமோ?" என்று கேட்டுவிட்டுத்தான் சாப்பிடுவாள். நல்ல மனசுக்காரி. ஆனாலும் இருபது வருடமாக அதே பகிடி. விருந்தோம்பலைத்தான் அப்படிச் சொன்னார்கள், எங்கள் வீட்டுக்கு வந்தவர்களுக்குத் திரும்பிப்போக மனம் வராது, அவ்வளவுதான் என்று நான் எத்தனையோ முறை அவளோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். ஊருக்கு வந்து ஒரு மாதம் ஆகவில்லை, சொந்த அக்கா மாதிரி இருந்தவளைப் பற்றி அந்தப் பகிடியை நானே நம்பத் தொடங்கினேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. எழுதாமல் விட்டால் இந்தக் கட்டுரையே பொய்யாகிவிடும்.

பேர்ணில் எனக்கு ஒரு துண்டுத் தோட்டம் இருந்தது. ஃபமிலியன்கார்ட்டன் என்பார்கள். மாடிவீட்டில் இருப்பவர்களுக்கு நகரசபை வாடகைக்குக் கொடுக்கும் நிலம். அங்கே வேலி எவ்வளவு உயரம், எந்த நேரம் தண்ணீர், எந்த மருந்து அடிக்கக்கூடாது என்று எல்லாவற்றுக்கும் சட்டம் உண்டு. அடுத்த பாத்தி ஊர்சுலா என்ற ஓய்வுபெற்ற ஆசிரியைக்கு. என் கையுறை காற்றில் பறந்து அவருடைய பாத்திக்குள் விழுந்தால்கூட, நான் வரும்வரை காத்திருந்து, "இதை நான் தொடலாமா?" என்று கேட்டுத்தான் எடுத்துத் தருவார். ஒரு வசந்தகாலம் என் பஸிலிகும் செடியில், அதாவது அவர்களுடைய துளசியில், கறுப்பாய், முள்முள்ளாய், முதுகில் செம்மஞ்சள் புள்ளியோடு முதலைக்குட்டி போன்ற பூச்சிகள் ஊர்ந்தன. ஒவ்வொன்றாகப் பிடித்து நகத்தால் நசுக்கினேன். வேலிக்கு அப்பாலிருந்து ஊர்சுலா, "நைன்! நைன்!" என்று, அதாவது கூடாது கூடாது என்று, கத்தினார். என்னைத்தான் ஏசுகிறார், கறுத்தவள் தோட்டம் செய்வது பிடிக்கவில்லை என்று நினைத்து நானும் தமிழில் நாலு வார்த்தை கொடுத்தேன். அவர் ஒரு பூதக்கண்ணாடியைக் கொண்டுவந்து, வேலிக்கு மேலால் நீட்டி, இலையைப் புரட்டிக் காட்டினார். நான் நசுக்கியவை செடிப்பேனைத் தின்ன வந்த புள்ளிவண்டின் குஞ்சுகள். நான் காப்பாற்றிய பச்சைப் பேன்கள் இலைக்கடியில் குடும்பம் குடும்பமாய் இருந்து சாறு உறிஞ்சிக்கொண்டிருந்தன. கொல்ல முதல் யாரென்று பார் என்பதுதான் அன்று அவர் சொன்னதின் சாரம். அந்தப் பாடத்தைப் பூச்சிகளோடு நிறுத்திக்கொண்டேன் என்பதுதான் என் பிழை.

பூச்சிகளைப் பார்க்க எனக்கு நன்றாகவே தெரியும். என் கறிவேப்பிலையில் குருவி எச்சம்போல ஒட்டிக்கொண்டிருந்தது புழு என்று வந்த மறுநாளே கண்டுபிடித்துக் கையால் எடுத்துவிட்டேன். தண்டில் எறும்பு வரிசையாக ஏறினால் மேலே பேன் இருக்கிறது என்று அர்த்தம். எறும்பு அதன் இனிப்பான கழிவைக் குடித்துக்கொண்டு பேனுக்குக் காவல் நிற்கும். துளசியை ஆட்டினால் மாவு பறப்பதுபோலப் பறந்தது வெள்ளை ஈ. இவ்வளவும் தெரிந்தவள் சாம்பல் எதற்கென்று யோசிக்கவில்லையா என்று கேட்பீர்கள். யோசித்தேன். ஆனால் நல்லதற்கு வருகிறவர்கள் ஏன் நான் எழும்ப முன் வரவேண்டும், ஏன் ஒரு சொல் சொல்லாமல் போகவேண்டும்? சுவிஸ் மூளை அப்படித்தான் கேட்டது. ஆகவே ஒவ்வொரு காலையும் குழாயைத் திறந்து செடிகளைச் சாம்பல் போகக் கழுவினேன். அடுத்த காலை திரும்பவும் சாம்பல் இருக்கும்.

பிறகு துப்பறியத் தொடங்கினேன். பொழுதுபட்டதும் விளக்குமாற்றால் முற்றத்து மணலைக் கோடு தெரியாமல் கூட்டிவிட்டேன். காலையில் வெறுங்கால் தடம் ஒன்று வேலி இடைவெளியிலிருந்து துளசிக்கும், துளசியிலிருந்து கறிவேப்பிலைக்கும், அங்கிருந்து திரும்பவும் இடைவெளிக்கும் போயிருந்தது. யாரைக் கண்டாலும் குரைக்கும் என் வளவு நாய் குரைக்கவே இல்லை. நாய்க்கும் ஏதோ கொடுத்திருக்கிறாள் என்று நினைத்தேன். அந்த நாயை இவ்வளவு காலமும் வளர்த்தவளே அவள்தான் என்பது எனக்கு ஒரு சமாதானமாகத் தோன்றவில்லை. நேரே கேட்க மனம் வரவில்லை. சுற்றி வளைத்துக் கேட்டேன்.

"அக்கா, விடிய வெள்ளன என்ட வளவுக்குள்ள ஆரும் வந்து போறாங்களா?"

அவள் பொன்னாங்காணி கிள்ளிக்கொண்டிருந்தவள், தலையை நிமிர்த்தவேயில்லை. "ஆரும் வரல்லகா. நான் இஞ்ச இரிக்கக்குள்ள ஆர் வாறது? நீ பயப்பிடாமப் படு."

வாய் கூசாமல் பொய் சொல்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டேன்.

அடுத்த நாள் விடியப்புறம் ஜன்னல் சீலைக்குப் பின்னால் நின்றேன். வாவிப் பக்கம் இன்னும் இருள் விலகவில்லை, கடல் பக்கம் வெளுத்திருந்தது. அவள் அவிழ்ந்த தலைமுடியோடு இடைவெளியால் வந்தாள். கையில் பழைய சீலைத்துணியால் கட்டிய பொட்டலம். அதைச் செடிக்கு மேல் பிடித்து மெல்லத் தட்டினாள், சாம்பல் புகைபோல இறங்கியது. இலைகளைப் புரட்டிப் புரட்டி அடியிலும் தட்டினாள். வாய் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. வெளியே போய் "என்ன அக்கா செய்யிறீங்க?" என்று கேட்க எனக்கு நாலு அடி போதும். போகவில்லை. உள்ளே வந்து சாந்திக்குத்தான் போன் எடுத்தேன்.

"உங்கட ஊரைப் பற்றி நானே உங்களுக்குச் சொல்லவேணும், அக்கா?" என்றாள் சாந்தி. "மஞ்சளால வட்டம் கீறினால் அடியில ஏதோ தாட்டிருக்கினம். கிண்டிப் பாருங்கோ."

பகிடிக்குச் சொன்னாளா, உண்மையாகச் சொன்னாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் மண்வெட்டியை எடுத்துக் கறிவேப்பிலையின் அடியை முழங்கால் ஆழத்துக்குக் கிண்டினேன். செப்புத் தகடும் இல்லை, சுருட்டிய ஓலையும் இல்லை. நாலைந்து வேர்கள் வெட்டுப்பட்டு வெள்ளையாய்த் தெரிந்தன. அதோடு விட்டேனா? ஊர்சுலா சொல்லித்தந்த ஷ்மியர்சைஃப, அதாவது களிபோன்ற சோப்பு, ஒரு போத்தல் கொண்டுவந்திருந்தேன். பேர்ணில் அதைத் தண்ணீரில் கரைத்துப் பகலில் அடித்தால் பேன் சாகும், இலைக்கு ஒன்றும் ஆகாது. இங்கே காலை பத்து மணி வெயிலில் அடித்தேன். எங்கள் கரையோரத்துப் பத்து மணி வெயில் எப்படிப்பட்டது என்று மறந்துபோயிருந்தேன். பின்னேரமே துளசி இலையெல்லாம் சுட்ட அப்பளம்போல ஓரம் சுருண்டது. இரண்டு நாளில் கறிவேப்பிலையும் வேர் அறுந்து வாடி இலையைக் கொட்டத் தொடங்கியது. நான் செய்த வேலையை நானே பார்த்துக்கொண்டு நின்று, 'பலித்துவிட்டது, செய்வினை பலித்துவிட்டது' என்று நடுங்கினேன். என் புத்தியை என்னவென்று சொல்வது.

ஒரு காரணமும் எனக்குக் கிடைத்துவிட்டது. இவ்வளவு காலம் தன்னுடையதுபோல ஆண்ட வளவு. நான் வந்ததால் கையை விட்டுப் போகிறது. என்னை விரட்டினால் திரும்பவும் அவளுக்குத்தான். இப்படி நினைத்துக்கொண்டு கூலிக்கு ஆளைப் பிடித்து வேலி நெடுகத் தகரம் அடித்தேன், இடைவெளியையும் அடைத்தேன். தகரம் அடிக்கும் சத்தத்துக்குத் தங்கேசக்கா வந்து பார்த்தாள். "கள்ளருக்குப் பயமெண்டா சரிதான்" என்றாள். மறுநாள் காலை எழும்பிப் பார்க்கிறேன், துளசியில் சாம்பல், கறிவேப்பிலையடியில் புதிதாய் மஞ்சள் வட்டம்! தெருவால் சுற்றிவந்து என் வாசல் படலையைத் திறந்து வந்திருக்கிறாள். தகரத்துக்கும் கட்டுப்படாத ஒன்றை இனி என்ன செய்வது? வாவிக்கு அப்பால் படுவான்கரையிலிருந்து ஒரு பூசாரியாரை அழைத்துக் கழிப்புக் கழிக்க முடிவெடுத்தேன். அவர் வர நாலு நாள் ஆகும் என்றார்கள். அதுவரை சாட்சிக்கு இருக்கட்டும் என்று சாம்பலைக் கழுவாமல் விட்டேன்.

கழிப்பு என்றால் என்னவென்று தெரியாத பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். யாரோ செய்த வினையைக் கழித்து வெளியே அனுப்பும் சடங்கு. ஆனால் அதற்கு இன்னொரு முகம் உண்டு. ஒருத்தி தன் வளவில் கழிப்பு வைக்கிறாள் என்றால், எனக்கு ஒருவர் செய்வினை செய்திருக்கிறார் என்று ஊருக்குப் பறையறைகிறாள். பேர் சொல்லத் தேவையில்லை. கழிப்பு நடக்கும்போது ஊர் பூசாரியைப் பார்ப்பதில்லை, அக்கம்பக்கத்து வேலியைத்தான் பார்க்கும். இது சின்ன வயதிலிருந்தே எனக்குத் தெரியும். தெரிந்தும் செய்தேன். புதிதாய் அடித்த தகரம் வேறு பளபளவென்று எந்தப் பக்கம் என்று காட்டிக்கொண்டு நின்றது.

பங்குனியில் ஓர் உச்சிப்பொழுது. படையல் மடை வைத்து, வாழைக்குற்றி நட்டு, நீற்றுப்பூசணியும் எலுமிச்சையும் அடுக்கி, சாம்பிராணி போட்டாயிற்று. படலைக்கு வெளியே இருபது முப்பது சனம். தகரத்துக்கு மேலால் தங்கேசக்காவின் தலை தெரிந்தது, கண் என்மேல் இருந்தது. பூசாரியார் உடுக்கை எடுத்து ஒரு சுற்று அடித்துவிட்டு, செடியடி மண் ஒரு பிடி எடுக்கக் கறிவேப்பிலையிடம் போனார். குனிந்தவர் நிமிரவில்லை. மஞ்சளைத் தொட்டார். துளசியின் ஒரு கொப்பை வளைத்து, இலையைப் புரட்டி, சாம்பலை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"இது உமிச்சாம்பல் புள்ள," என்றார். "பேனுக்குப் போட்டது. மஞ்சள் எறும்புக்கு. எறும்பத் தடுத்தாத்தான் பேன் ஒழியும். இந்தா பாருங்க, எல்லாம் காஞ்சி செத்துக் கிடக்கு. பனி ஈரம் காய முன்ன போட்டாத்தான் இலையில ஒட்டும். தெரிஞ்ச கை போட்டிரிக்கி."

யாரோ ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் இலையை வாங்கிப் பார்த்தேன். சாட்சிக்கு என்று கழுவாமல் விட்ட அந்த நாலு நாளில்தான் சாம்பல் தன் வேலையைச் செய்திருந்தது. பூசாரியார் உடுக்கையைத் துணியில் சுற்றினார். தட்சணை வேண்டாமென்று கையை உதறி, "பூசணிய வீணாக்காம கறிக்கு வைங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தங்கேசக்கா தெருவால் சுற்றிப் படலை வழியாக உள்ளே வந்தாள். சனம் வழிவிட்டது. கோபப்படுவாள் என்று நினைத்தேன். சத்தமே போடவில்லை.

"ஆரும் வந்தவங்களா எண்டு கேட்டாய். இல்லையெண்டன். நான் எப்பகா உனக்கு ஆரும் ஆனன்?" என்றாள். "உன்ட பூச்சி வேலி பாத்தா நிக்கும்? ரெண்டு நாளையில என்ட கீரைக்கு வரும். அதான் போட்டன். இத்தின வரிசமும் நான்தான் போட்டன், அப்ப ஆரிட்டக் கேட்டன்?"

"வாய்க்குள்ள என்னமோ சொன்னீங்க, அக்கா. நான் கண்டன்," என்றேன். இந்த நேரத்தில்கூட என் சந்தேகத்தை நான் விடவில்லை, பாருங்கள்.

"ஓம். வெளிநாட்டுக்காரி ஒவ்வொரு நாளும் கழுவி ஊத்துறாள், அறிவுகெட்டவள் எண்டு சொன்னன்."

சனம் விழுந்து விழுந்து சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. போய்விட்டாள்.

பிழை தெளிந்துவிட்டது, மன்னிப்புக் கேட்டால் தீர்ந்துவிடும் என்று நான் எண்ணினேன். பேர்ணில் என்றால் அப்படித்தான், ஒரு கடிதம் எழுதி, ஒரு கேக் கொண்டுபோய்க் கொடுத்தால் கோப்பு மூடப்படும். ஊரில் கோப்பு மூடுவதில்லை. ஒரு கிழமைக்குப் பிறகு தங்கேசக்கா சந்தையிலிருந்து கொண்டுபோன கூடையோடு அப்படியே திரும்பிவருவதைப் பார்த்தேன். வாடிய வல்லாரையை ஆட்டுக்குப் போட்டாள். அடுத்த நாளும் அப்படித்தான். விசாரித்தேன். சாப்பிடுகிற சாமானை அவள் கையால் வாங்கச் சனம் பயப்படுகிறது. நெருப்பில்லாமல் புகையுமா, பூசாரியாரே அவளுக்குப் பயந்துதான் மழுப்பிவிட்டுப் போனார் என்று கதை. அந்தக் கதைக்கு அடுப்பு மூட்டியவள் நான். அவளுடைய அடுப்புத்தான் அணைந்துகொண்டிருந்தது.

நேரே சந்தைக்குப் போனேன். நடுவில் நின்று, என் பிழைதான், அக்கா ஒன்றும் செய்யவில்லை, பேனுக்குச் சாம்பல் போட்டாள், நான் மடைச்சி என்று சத்தமாகச் சொன்னேன். மீன் விற்கிற பெண் பக்கத்தில் இருந்தவளிடம், "பாத்தயா, எப்பிடிக் கட்டி வெச்சிரிக்காள் எண்டு. பாயில ஒட்டினவ பாய நல்லதெண்டுதானே சொல்லுவா" என்றாள், எனக்குக் கேட்கத்தான் சொன்னாள். சாந்தியிடம் இருபது வருடம் வாதாடித் தோற்ற அதே பகிடியிடம் என் ஊர்ச் சந்தையிலும் தோற்றேன். நான் எவ்வளவு அவளுக்காகப் பேசினேனோ அவ்வளவு அவள்மீது சந்தேகம் கூடியது.

அன்று பின்னேரம் தங்கேசக்காவின் வீட்டுக்குப் போய், அவள் கீரை கட்டிக்கொண்டிருந்த இடத்தில் பக்கத்தில் இருந்தேன். நானும் ஒரு பிடி எடுத்து வாழைநாரால் கட்டத் தொடங்கினேன். என் கட்டு இளகிக் குலைந்தது. அவள் அதைப் பிடுங்கி இறுக்கிக் கட்டி வைத்தாள். நாலைந்து கட்டுக்குப் பிறகு, "நாளைக்கு நீ கொண்டு போ," என்றாள். "என்ட பேர வாயில எடுக்காத. உன்ட வளவுக் கீரையெண்டு சொல்லி வித்திட்டு வா."

அப்படித்தான் சித்திரையிலிருந்து நான் கீரைக்காரி ஆனேன். ஒவ்வொரு காலையும் படலையடியில் நாற்பது கட்டு இருக்கும். அவள் முகம் காட்டமாட்டாள். சுவிஸ் அக்காவின் கீரைக்கு நல்ல கிராக்கி. ஒரு கட்டுக்கூட மிஞ்சுவதில்லை. "இலையில ஒரு ஓட்டையும் இல்லையே, என்ன மருந்து அடிக்கிற?" என்று கேட்பார்கள். உமிச்சாம்பலும் மஞ்சளும், பனி ஈரத்தில் போடவேண்டும், வேப்பங்கொட்டை இடித்து ஊறவைத்த தண்ணீரைப் பொழுதுபட்ட பிறகு தெளிக்கவேண்டும், புழுவைக் கையால் எடுக்கவேண்டும் என்று உள்ளதைச் சொல்வேன். நம்பமாட்டார்கள். "சும்மா போங்க அக்கா, அங்கயிருந்து ஏதோ கொண்டந்திரிக்கீங்க, எங்களுக்குச் சொல்லமாட்டீங்க" என்பார்கள். தங்கேசக்காவிடம் இருந்தால் மந்திரம், என்னிடம் இருந்தால் வெளிநாட்டு மருந்து. சாம்பலைச் சாம்பல் என்று நம்ப ஒருவரும் இல்லை. அவர்களைக் குறைசொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

இதற்குள் மகன் போன் எடுக்கத் தொடங்கிவிட்டான். ஆறு மாதத்துக்கு மேல் சுவிசுக்கு வெளியே நின்றால் என் வதிவிட அனுமதி போய்விடும். பிள்ளைகளை, பேரப்பிள்ளைகளைப் பார்க்கப் போவதற்கும் பிறகு விசாவுக்கு விண்ணப்பித்து, நீ ஏன் வருகிறாய், திரும்பிப் போவாயா என்று சந்தேகத்தோடு கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டு நிற்கவேண்டும். ஆடி முடிய முதல் வாருங்கள் அம்மா என்று பயணச்சீட்டையும் எடுத்து அனுப்பிவிட்டான். நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் ஊரில் எதைத்தான் மறைக்கமுடியும்?

நேற்றுக் காலை படலையடிக்குப் போனேன். கீரைக்குப் பக்கத்தில் தங்கேசக்கா நின்றாள். கழிப்பன்றைக்குப் பிறகு அவள் என் படலைக்கு வந்து முகம் காட்டியது அதுதான் முதல் தடவை.

"எப்ப போறாய்?"

"ஆடிக் கடைசியில, அக்கா."

அவள் கட்டுகளை எண்ணினாள். "அப்ப ஆவணியில என்ட கீரைய ஆர் விக்கிற?" என்று கேட்டாள்.

கோபத்தில் கேட்கவில்லை, கெஞ்சியும் கேட்கவில்லை. தெரியவேண்டியதைத் தெரிந்துகொள்ளக் கேட்டாள். நான் வந்துவிடுவேன் என்று சொல்லலாம், அவள் நம்பமாட்டாள். போகமாட்டேன் என்று சொல்லலாம், அதை நானே நம்பமாட்டேன். கூடையைத் தூக்கினேன். மேலே சரிந்த ஒரு கட்டை அவள் எடுத்து உள்ளே அழுத்தி வைத்தாள், வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

தெருவில் ஏறும் முன், ஒழுங்கை முடியுமிடத்தில் ஒரு பெண் என்னை மறித்தாள். கைப்பிள்ளையோடு நின்றாள். கட்டு ஒன்றை எடுத்து, முகர்ந்து, புரட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"சுவிஸ் அக்கா, இது உங்கட கீரைதானே? அவட இல்லையே?"

"ஓம் புள்ள," என்றேன். "என்டதான்."